மூன்றாம் ஹாலின் மதியங்கள்

மே 3

காலையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிற கணினிகள் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் ஏன் ஒவ்வொன்றாகத் தொடர்பை இழக்கின்றன? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்தத் துறைக்குத் தலைவியாக இருந்துவிட்டு இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் தெரியவில்லை.

பதினேழாம் தேதி எங்கள் கல்லூரி மூன்றாம் ஹாலில் நுழைவுத் தேர்வு. காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு. ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதுதான் மையம். இது இல்லாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டும். மையப் பொறுப்பு என்னுடையது. ஹால் இதற்கென்றே போன டிசம்பரில் மாடியில் எழுப்பியது. மேலே தகரக் கூரை, கீழே வெள்ளைப் பலகை சீலிங், நல்ல ஏசி. ஜனவரியில் வகுப்புகள் நடந்தன, புகார் இல்லை. பிறகு பூட்டி வைத்துவிட்டார்கள்.

இன்றைய ஒத்திகையில் மேற்குச் சுவரோரம் இருக்கும் வரிசை முதலில் விழுந்தது. அடுத்து அதன் பக்கத்து வரிசை. சாயங்காலம் எல்லாம் தானாக எழுந்து உட்கார்ந்துவிட்டன.

லேப் டெக்னீஷியன் எபனேசரைக் கேட்டேன். "தெரியல மேடம்" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற மனிதர். இதற்கு மட்டும் இல்லை.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. பால் பாக்கெட்டை அளந்து பார்த்தேன், அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கடைக்காரரிடம் சொன்னதற்கு, "நீங்க ஒருத்தர்தான் மேடம் அளக்குறீங்க" என்றார். அதனால்தான் குறைகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் ஹாலில் மூன்று இடத்தில் வெப்பமானி வைத்தேன். எங்கும் இருபத்து நான்கு டிகிரிக்கு மேல் இல்லை. கணினிகளும் சூடாகவில்லை. ஆகவே வெயில் காரணமில்லை. அதை அடித்துவிட்டேன்.

மே 6

கேபிள் போட்ட ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காலை ஆறரைக்கே வந்துவிட்டார்கள். கோடையில் சீலிங்குக்குள் செய்யும் வேலை எல்லாவற்றையும் இங்கே டிபனுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஒன்பது மணிக்கு மேல் தகரத்துக்கு அடியில் தலையை நீட்ட முடியாது. நானும் அந்நேரத்துக்கே போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர்கள் வேலையை அவர்களே சரி என்று சொல்வதை நான் எப்படி நம்புவது? ஒவ்வொரு கேபிளாகக் கருவியில் மாட்டினார்கள். எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு. என் கையாலும் சிலதை மாட்டிப் பார்த்தேன். பச்சைதான்.

கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பெட்டிகளைப் போன வாரமே புதிதாக மாற்றிவிட்டோம். மின்சாரத்திலும் ஏற்ற இறக்கம் இல்லை.

மதியச் சாப்பாட்டின்போது வத்சலா எனக்கும் சேர்த்து எண்ணெய்க் கத்தரிக்காய் கொண்டுவந்திருந்தாள். வத்சலா துணை முதல்வர். இந்தக் கல்லூரியில் நான் ஒருமையில் பேசும் ஒரே ஆள். ஹால் கட்டும் வேலையை முழுக்கப் பார்த்துக்கொண்டவளும் அவள்தான். ஒப்பந்தக்காரரையும் அவளே பிடித்தாள். ஆற்காட்டில் அவள் கட்டிய புது வீட்டுக்கு ஒயரிங், கேமரா எல்லாம் அவர்தானாம். சொந்த வீட்டில் வேலை செய்ய விட்ட ஆள் என்றால் நம்பகமாகத்தான் இருக்க வேண்டும்.

"கேபிள் பாஸ். சுவிட்ச் புதுசு. மிச்சம் என்னடி இருக்கு, மனுஷன்தானே?" என்றாள். பிறகு சாதாரணமாக, எபனேசர் தினமும் மதியம் எங்கே போகிறார் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.

மே 7

ஒன்றேகாலுக்குக் கிளம்பினார். சாப்பாட்டு டப்பா எடுத்துப் போகவில்லை. திரும்பி வர மணி இரண்டே முக்கால். அதற்குள் இரண்டு வரிசை விழுந்திருந்தது.

மே 8

இன்று பின்னால் போனேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை, பொறுப்பு என்னுடையது.

கல்லூரிப் பேருந்துகள் நிற்கும் ஷெட்டுக்குப் போய் ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு பேசினார். தமிழ் இல்லை. தெலுங்கும் உருதுவும் இந்த ஊரில் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அவையும் இல்லை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார், யாரோ திருத்துவதுபோல் நிறுத்தி நிறுத்தி. நான் ஜன்னலோரம் நிற்பதைப் பார்த்ததும் போனை அணைத்துவிட்டார்.

"சும்மா மேடம். காத்தாட உக்காந்தேன்."

அந்தப் பேருந்துக்குள் காற்றே இல்லை. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. தேர்வுக் கணினிகளுக்குள் நுழைய வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பணம் கொடுப்பதாகச் செய்தித்தாளில் படித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பழைய இதழ்களில் தேடினேன். அகப்படவில்லை. கீழ்வீட்டுக்காரர் எடுத்துப் போயிருப்பார்.

மே 9

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்திருந்ததால் எபனேசர் மதியம் எங்கும் போகவில்லை. என் பக்கத்திலேயே நின்றார். அப்படியும் வரிசைகள் விழுந்தன. நேரம் குறித்துத் தானாக ஓடும்படி முன்பே ஏதாவது செய்து வைத்திருக்கலாம். அவரால் அது முடியும்.

மே 11

கல்லூரித் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். அரிசி ஆலை நடத்திக் கல்லூரிக்கு வந்தவர். சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "எக்ஸாம் நம்ம கைய விட்டுப் போச்சுன்னா ஊரே சிரிக்கும். யாரும்மா பண்றது?" என்றார். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியே எழுதினேன்: கோளாறு மதியத்தில் மட்டும் வருகிறது, எபனேசர் மதியத்தில் இடத்தில் இருப்பதில்லை, காரணம் கேட்டபோது சொன்ன பதில் நம்பும்படி இல்லை. மூன்றும் உண்மை. வத்சலா படித்துவிட்டு, மூன்றையும் தனித்தனியாக விடாமல் ஒரே பத்தியாகச் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன்.

மாலை நான்கு மணிக்கு ஆசிரியர்கள் எல்லோரையும் மூன்றாம் ஹாலுக்கு வரச் சொன்னார் தாளாளர். எல்லோர் முன்னாலும் எபனேசரை நிறுத்தி, மதியம் எங்கே போகிறாய் என்று கேட்டார். எபனேசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாளாளர் மறுபடி கேட்டார். அப்போதும் பதில் இல்லை. நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய அசல் சான்றிதழ்கள், எங்கள் எல்லோருடையதையும் போல, கல்லூரி அலுவலகப் பீரோவில் இருக்கின்றன. விசாரணை முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

ஹால் சாவியை எபனேசர் என்னிடம்தான் கொடுத்தார்.

"கம்ப்யூட்டர ஆஃப் பண்ணது நான்னு சொல்றீங்களா மேடம்?"

"நான் அப்படி எழுதலையே எபனேசர்."

"நீங்க எழுதல. அவங்க அப்படித்தான் படிச்சாங்க."

மே 12

ஞாயிறு. புடவைகளுக்குக் கஞ்சி போட்டேன். தண்ணீர் தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை, நானே கழுவினேன். ஒரு வேலையும் இல்லாமல் உட்காரக் கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

மே 13

இன்றும் விழுந்தது. அதே வரிசை, அதே நேரம்.

எபனேசரின் பயனர் கணக்கைச் சனிக்கிழமையே நீக்கிவிட்டோம். கடவுச்சொற்களை எல்லாம் நானே மாற்றினேன். வத்சலாவிடம் போய்ச் சொன்னேன். "போறதுக்கு முன்னாடி உள்ள ஏதாவது வெச்சிட்டுப் போயிருப்பான்" என்றாள். தாளாளர் திருப்பதி போயிருக்கிறார், வந்த உடனே இதைச் சொல்லிக் குழப்பாதே என்றும் சொன்னாள். ஒன்பதாம் தேதி நான் எழுதியதும் இதேதான். என் வாக்கியத்தை அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போது அவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது.

இன்று கத்தரிக்காய் வேண்டாம் என்றேன்.

மே 14

விழுகிற வரிசைகளை மறுபடி பார்த்தேன். சுவிட்ச் பெட்டிகள் கிழக்குக் கோடியில் இருக்கின்றன. மேற்கு வரிசைக்குத்தான் கேபிள் மிக நீளம். சீலிங்குக்கு மேலேயே ஹாலைச் சுற்றி வருகிறது. எங்கள் கருவி, அறை, நாற்காலி எல்லாவற்றுக்கும் இருபத்து நான்கு டிகிரி. கேபிளுக்கு?

இரண்டு மணிக்கு ஏணி போட்டேன். பெருக்க வந்த அஞ்சலை, "ஐயே, நீங்க ஏறாதீங்க மேடம், புடவ தடுக்கும்" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு பலகையைத் தள்ளியதும் முகத்தில் அடித்த அனலில் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வெப்பமானியை உள்ளே வைத்து எடுத்தேன். அறுபத்தொன்று. கேபிள் கட்டுகள் தொட்டால் கொழகொழவென்று இருந்தன. பத்து நாளாக அந்தப் பலகைக்குச் சில அடி கீழே நின்றுகொண்டு வெயில் காரணமில்லை என்று எழுதியிருக்கிறேன். சோதிக்க வந்தவர்களும் தகரம் காய்வதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டார்கள். அந்நேரத்துக்கு எந்தக் கேபிளும் பாஸ்தான்.

ஆனால் சூடு மட்டும் காரணமாக இருக்க முடியாது. பழைய முதலாம் ஹாலுக்கும் தகரக் கூரைதான். அங்கே இதுவரை ஒன்றும் விழவில்லை. இரண்டு ஹாலிலிருந்தும் மிச்சத் துண்டுகளை எடுத்து வந்தேன்.

வீட்டில் வைத்து உரித்தேன். வெளியுறை இரண்டுக்கும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகளுக்குத் தனித்தனி உறை உண்டு. அது பாலிஎத்திலீனாக இருக்க வேண்டும், அது தண்ணீரில் மிதக்கும். இரண்டு உறையையும் கீறித் தட்டையாக்கி, டம்ளர் தண்ணீரில் போட்டு அழுத்தி விட்டேன். பழையது மேலே வந்தது. புதியது அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மறுபடி போட்டேன். வேறு நிறக் கம்பியின் உறையைப் போட்டேன். அதுவும் மூழ்கியது. அது பிவிசி. வீட்டு ஒயருக்குப் போடுகிற சாமான்.

எம்.எஸ்ஸியில் படித்ததுதான். வேகமான சமிக்ஞை கம்பிக்குள் மட்டும் போவதில்லை. கம்பியைச் சுற்றியுள்ள உறையிலும் பரவித்தான் போகிறது. பாலிஎத்திலீன் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடும். பிவிசி வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும், சூடாக ஆக இன்னும் அதிகமாக. காலையில் தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்கிற சமிக்ஞை மதியம் நீளமான கேபிளில் பாதி வழியிலேயே தேய்ந்துவிடுகிறது. அதனால்தான் மேற்கு வரிசை முதலில் விழுகிறது.

எபனேசருக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டுக்கொண்டார்.

"என்கிட்ட எதுக்கு மேடம் சொல்றீங்க? எல்லார் முன்னாடியும்தானே கேட்டாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

சரி என்றேன். பிறகு, மதியம் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அப்போதும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஜெர்மன் வகுப்பு. மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவருக்கு ஜெர்மனியில் வேலை உறுதியாகும் நிலையில் இருக்கிறது. இவரும் மொழி கற்றால் சேர்ந்து போகலாம். ஆன்லைன் வகுப்பு மதியத்தில்தான் கிடைத்தது. கிளம்பப் போகிறார் என்று தெரிந்தால் கல்லூரி சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"இப்ப சொல்லாமயே புடிச்சி வெச்சிட்டாங்க. நீங்க தனியா கூப்ட்டு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் மேடம். பஸ் ஜன்னல்ல நின்னு பாத்தா என்னன்னு சொல்றது?"

மே 15

காலையில் வத்சலாவிடம் இரண்டு உறைகளையும் காட்டினேன். தண்ணீரில் போட்டும் காட்டினேன். கேபிள் மேல் அச்சடித்திருக்கிற தரத்தைப் பார்த்துத்தான் வாங்கியதாகச் சொன்னாள். அது உண்மையாக இருக்கலாம். அந்த ஒப்பந்தக்காரர் அவள் வீட்டு வேலையை என்ன கணக்கில் செய்தார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாளில் கேபிளை மாற்ற முடியாது. லாரித் தண்ணீர் வரவழைத்து, கூரை முழுக்கச் சாக்கு விரித்து நனைக்கச் சொன்னேன். அரை மணிக்கு ஒருமுறை தோட்டக்காரர்கள் நனைத்தார்கள். தேர்வு நடத்தும் நிறுவனத்தின் ஆட்கள் கடைசி ஒத்திகைக்கு மதியம் வந்தார்கள். ஒரு கணினிகூட விழவில்லை.

திருப்பதியிலிருந்து திரும்பியிருந்த தாளாளர் அவர்கள் எதிரிலேயே சிரித்தார். "பாத்தீங்களா, ஆளு போனான், சரியாப் போச்சு. மேடம் கரெக்டா புடிச்சாங்க."

என்னைப் பாராட்டுகிறார். கேபிள் மட்டமானது என்று அந்த இடத்தில் சொன்னால் மையம் ரத்தாகிவிடும். நாளை மறுநாள் எழுத வேண்டிய பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள். வாயை மூடிக்கொண்டேன். எபனேசர் குற்றவாளி என்பதற்கு ஒரு சாட்சியம்தான் பாக்கி இருந்தது. அதை என் கையாலேயே தண்ணீர் ஊற்றி வளர்த்துக் கொடுத்துவிட்டேன்.

மே 17

தேர்வு இரண்டு பிரிவும் முடிந்தது. ஒரு தடங்கலும் இல்லை. மதியம் முழுக்க நான் ஹாலில் இல்லை, கூரையில் சாக்கோடு இருந்தேன்.

பிள்ளைகள் போன பிறகு தாளாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லபடியா முடிஞ்ச கல்யாணத்துல எதுக்கும்மா சாப்பாட்டுக் குத்தம்?" என்றார். நான் நகரவில்லை. கடைசியில், "சரி, நாளைக்கு ரெண்டு மணிக்கு தண்ணி ஊத்தாம ஓட்டுங்க. நானே வந்து பாக்கறேன். விழுந்தா அவன கூப்டுக்கலாம்" என்றார்.

நாளை அதே ஹாலில், அதே ஆசிரியர்கள் முன்னால். சாக்குகளை எல்லாம் இறக்கிவிட்டேன். தகரம் காயட்டும்.

மே 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மேற்கே கறுத்தது. பன்னிரண்டரைக்குக் கோடை மழை கொட்டியது. இந்த வருடத்தின் முதல் மழை. இரண்டு மணிக்குத் தாளாளர் வந்தபோது தகரம் சில்லிட்டிருந்தது, எல்லாக் கணினியும் ஓடின. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இன்னா மேடம், இப்ப தண்ணி யாரு ஊத்தனது?" என்று மேலே கை காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். டீ குடிக்கக் கேண்டீனுக்கு இறங்கினார்கள்.

நானும் இறங்கினேன், கையில் இரண்டு ஹால் கேபிளிலும் மிச்சமிருந்த நீளமான சுருள்களோடு. கேண்டீன் மாஸ்டரிடம் இட்லிக் கொப்பரையைக் கேட்டேன்.

"இன்னா மேடம், இட்லி வேக்கற பாத்திரத்துல ஒயரப் போடறீங்க. நாளைக்கு வாட அடிச்சா என்னையத்தான் ஏசுவாங்க."

சுருள்களைப் பையில் போட்டு இறுகக் கட்டி, கொதிநீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வெப்பமானி அறுபத்தொன்று காட்டும்வரை சரி செய்து உள்ளே இறக்கினேன். முதலில் புதிய கேபிள். அதன் ஒவ்வொரு முனையிலும் ஒரு மடிக்கணினி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஆண்டு விழா வீடியோவை ஓடவிட்டேன். அகப்பட்டது அதுதான். திரையில் தாளாளர் பேசிக்கொண்டிருந்தார். டீ குடிப்பதை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி வந்து நின்றார்கள். தண்ணீர் ஆறாமல் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் திரைத் தாளாளர் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார். சுருளை எடுத்துக் குழாயடியில் காட்டினேன். ஆறியதும் பேச்சைத் தொடர்ந்தார். மறுபடி உள்ளே வைத்தேன், மறுபடி நின்றார். பிறகு பழைய ஹாலின் சுருளை மாட்டினேன். அதே சூட்டில் பேச்சு முழுவதும் ஓடி, கைதட்டலும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. தாளாளர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரிம்மா. கேபிள மாத்திடுவோம்."

"எபனேசர், சார்?"

"அது வேற விஷயம். கேட்டதுக்குப் பதில் சொல்லாம நின்னான் இல்ல?"

"அதே விஷயம்தான் சார். நான் எழுதிக் கொடுத்ததாலதான் அவர நிறுத்தினீங்க. நான் எழுதினது தப்பு. எல்லாரும் இருக்கறப்பவே சொல்றேன்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. வத்சலா அங்கே இல்லை. இன்று விடுப்பு. தாளாளர் மேனேஜரைக் கூப்பிட்டு, பையனைத் திங்கள்கிழமை வரச் சொல் என்றார். விசாரணைதான் முடிந்துவிட்டதே, அவருடைய சான்றிதழ் இன்னும் எதற்குப் பீரோவில் என்று நான் கேட்டேன். இதைக் கேட்கலாம் என்று அந்த நிமிடத்துக்கு முன் நினைத்ததில்லை. எரிச்சலோடு, "குடுத்துத் தொலைங்க" என்றார்.

ஐந்தரைக்கு எபனேசர் வந்தார். நான் சொல்லத் தொடங்கும் முன்பே, "மாஸ்டர் போன்ல சொல்லிட்டாரு மேடம். கொப்பரையப் பத்திதான் ஜாஸ்தி சொன்னாரு" என்றார். மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தார், ஆமாம் என்றா பரவாயில்லை என்றா தெரியவில்லை. சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேலைக்கு வரல மேடம். சர்டிபிகேட்ட மட்டும் குடுத்துடுங்க."

அலுவலகத்தில் உறையை நானே எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்றேன். அவர் உறையைப் பிரித்து ஒவ்வொரு தாளாக வெளியே எடுத்தார். ஜன்னலருகே கொண்டுபோய், முன்னும் பின்னும் திருப்பி, முத்திரையை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முடியும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.